வீட்டில் படிக்கும் மகளுக்குச் சொல்வன்மை: எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது?

மாங்குளத்துக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 16 வயது முடிந்து நாலு மாதம். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. இரண்டு வருடமாக மூட்டுவாதம். காலையில் மணிக்கட்டும் முழங்காலும் விறைத்துப்போவதால் பஸ் ஏறிப் பாடசாலைக்குப் போய்வர முடியவில்லை. வவுனியாக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். தமிழ், அரசியல் விஞ்ஞானம், அளவையியல் ஆகிய மூன்று பாடங்களையும் வீட்டிலிருந்தே படித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதப்போகிறார். சட்டம் படிக்க ஆசை.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் தன் இரண்டு மகன்மாரையும் வீட்டிலேயே படிப்பிக்கிறவர். வட அமெரிக்காவில் வீட்டுக்கல்விப் பிள்ளைகள் உயர் வகுப்பில் ‘றெட்டறிக்’ (சொல்வன்மை) என்ற பாடம் படிப்பார்கள் என்று சொல்லி, மூன்று பாடத்திட்டங்களைக் காட்டியிருக்கிறார். ஒன்று, அரிஸ்டோட்டிலின் நூலைப் பயிற்சிப் புத்தகத்தோடு ஒரு வருடத்தில் படிப்பது. இரண்டு, பழைய கிரேக்கப் பள்ளிகளின் பதினான்கு எழுத்துப் பயிற்சிகளைப் பல புத்தகங்களில் தரும் தொடர். மூன்று, இணையத்தில் ஆசிரியரோடு நேரடி வகுப்பு, முடிவில் சான்றிதழ். எதைச் சொன்னாலும் காசு அனுப்பத் தயார் என்கிறார்.

தாயாரின் கேள்விகள்: மூன்றில் எது நல்லது? தமிழில் இப்படி ஒரு பாடம் இல்லைத்தானே? சாதாரண தரம் மட்டும் படித்த நான் இதைப் படிப்பிக்கலாமா? “பேசப் பழக்கினால் வாய்க்காரியாகிவிடுவாள்” என்று கணவர் தயங்குகிறார், என்ன சொல்ல? எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் பாடமாக்கிய பேச்சு பாதியில் மறந்து நின்றதிலிருந்து மகள் நாலு பேர் முன்னால் வாய் திறப்பதில்லை, அவளுக்கு இது சரிவருமா? ஒரு பிள்ளை வீட்டில் படிப்பதால் 12 வயது மகனையும் பாடசாலைக்குப் போகாமல் மறித்து இரண்டு பேரையும் சேர்த்துப் படிப்பிக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதையும் முழுதாக வாங்க வேண்டாம். இரண்டாவதிலிருந்து பயிற்சிகளின் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு தேவையில்லை. மச்சாளிடம் காசைவிடப் பெறுமதியான ஒன்றைக் கேட்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

கணவர் பயப்படுவது மேடைப்பேச்சுக்கு. இந்தப் பாடத்தில் அது கடைசிப் பகுதி. எந்த விடயத்திலும் கேட்பவரை இணங்கவைக்கக் கூடியது எது என்று கண்டுகொள்ளும் ஆற்றல் என்றுதான் அரிஸ்டோட்டில் இதை விளக்கினார். கண்டுகொள்வதுதான் முதல் வேலை, வாய் திறப்பது அதற்குப் பிறகு. அவருக்குப் பின் வந்த உரோம ஆசிரியர்கள் அதை ஐந்தாகப் பிரித்தார்கள்: சொல்லவேண்டியதைத் தேடிக் கண்டெடுத்தல், ஒழுங்குபடுத்தல், சொல்லில் அமைத்தல், மனத்தில் இருத்தல், எடுத்துரைத்தல். முதல் மூன்றும் உங்கள் மகளுக்கு உயர்தரக் கட்டுரை வினாக்களில் அன்றாடம் வேண்டியவை. எட்டாம் வகுப்பில் அவருக்கு நடந்ததையும் இதை வைத்துப் பாருங்கள். யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கியபோது முதல் மூன்று வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை, நாலாவதும் ஐந்தாவதும் மட்டும் அவர் தலையில் விழுந்தன. ஒரு சொல் விடுபட்டதும் அடுத்த சொல்லுக்குப் போக வழி இல்லாமல் நின்றார். அது பேச்சுத் திறமை இல்லாததால் வந்ததல்ல. தானே தேடி, தானே அடுக்கிய பேச்சில் சொல் மறந்தாலும் அடுத்த காரணம் எது என்று தெரிந்திருக்கும், வேறு சொல்லால் தொடரலாம்.

தமிழில் இல்லை என்பது

நன்னூற் பாயிரத்தில் ‘எழுமதம்’ என்று ஒரு பகுதி வருகிறது. மற்றவர் கருத்தோடு ஒருவர் எத்தனை விதமாக நிற்கலாம் என்பதை ஏழாகச் சொல்கிறது. முதலாவது உடன்படல். இரண்டாவது மறுத்தல். மூன்றாவது, மற்றவர் கருத்தை முதலில் ஏற்று எடுத்துக்கொண்டு பிறகு களைதல். நாலாவது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல். ஐந்தாவது, இரண்டு பேர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கத்தைத் துணிதல். ஆறாவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டல். ஏழாவது, பிறரோடு சேராமல் தன் கருத்தையே கொள்ளல். கணவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். மறுப்பதற்கு முன்னால் உடன்படல் வைக்கப்பட்டிருக்கிறது. எதிராளியின் கருத்தை அவரே தலையாட்டும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் பதில் சொல்லலாம் என்று பழகிய பிள்ளை வீட்டில் குறைவாகத்தான் சண்டை பிடிக்கும். சொல்லத் தெரியாத பிள்ளைதான் கதவை அடித்துச் சாத்தும்.

அதே பாயிரத்தில் பத்துக் குற்றமும் பத்து அழகும் உண்டு. இவை நூல் எழுதுகிறவருக்குச் சொல்லப்பட்டவை, பேச்சாளருக்கு அல்ல. ஆனால் ஒரு பக்கக் கட்டுரையைத் திருத்த இதைவிடக் கைக்கடக்கமான அட்டவணையை நான் அறியேன். மணிமேகலையின் 29ஆவது காதையில், ஒரு கூற்றை நிறுவுவதற்கு வேண்டிய பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்ற உறுப்புகள் வருகின்றன. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையில் காண்பதுபோல். மகள் அளவையியலில் படிக்கும் நியாயத்தொடைக்கு (இரண்டு கூற்றிலிருந்து முடிவு பெறும் முறை) பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் இரண்டும் தெளியும். திருக்குறளில் சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) என மூன்று அதிகாரங்கள். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் தொடங்கியது 1847இல். ‘நாவலர்’ என்பதே சொல்வன்மைக்காகத் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம்.

நம்மிடம் குறைவாக இருப்பது வேறு: சிறு பிள்ளையிலிருந்து படிப்படியாக ஏற்றிச்செல்லும் பயிற்சி வரிசை. அது கிரேக்கரிடம் இருந்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அப்தோனியஸ் என்பவர் அமைத்த பதினான்கு பயிற்சிகள்தான் மச்சாள் காட்டிய தொடருக்கு மூலம். சின்னக் கதையைச் சுருக்குவதிலும் விரிப்பதிலும் தொடங்கி, ஒரு சட்டத்தை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதுவதில் முடியும். அந்த வரிசையைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றையும் ஏன் வேண்டாம் என்கிறேன்

அரிஸ்டோட்டில் பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். அந்த நூலை ஆங்கிலத்தில் வாசிக்கப் பல்கலைக்கழக மாணவரே சிரமப்படுவார். சாதாரண தர ஆங்கிலத்தோடு தொடங்கினால், ஒரு பக்கத்துக்கு முப்பது சொல்லுக்கு அகராதி பார்த்தே மகளின் வருடம் போய்விடும், தன் பேச்சு ஒன்றுகூட வராது. விடைப் புத்தகமும் உங்களுக்கு உதவாது. நூலில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்ற கேள்விகளுக்குத்தான் அதில் விடை இருக்கும். பிள்ளை எழுதிய வாதம் நிற்குமா விழுமா என்பதை எந்த விடைப் புத்தகமும் சொல்லாது. நூல்தான் வேண்டுமென்றால், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பதினான்கு பயிற்சித் தொடர் பத்து வயதளவில் தொடங்கிப் பல வருடம் போவதற்காக எழுதப்பட்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதற் புத்தகங்கள் சின்னவை, பின்னவை அந்நியமானவை. மாதிரிப் பாடங்கள் அமெரிக்க வரலாற்றிலிருந்தும் பைபிளிலிருந்தும் வருகின்றன. அவை நல்ல பாடங்கள்தான், ஆனால் அந்தச் சபையில் யார் இருந்தார்கள், ஏன் அப்படிச் சொல்லவேண்டி வந்தது என்று தெரியாமல் படிப்பதால் பயன் குறைவு.

நேரடி வகுப்புக்குக் கடிகாரமே தடை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பகல் ஒரு மணி என்றால் இங்கே கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. காலையில் மூட்டு விறைக்கும் பிள்ளைக்கு நித்திரை மருந்து மாதிரி. சான்றிதழைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இலங்கைப் பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பெறுபேற்றின்படிதான், சட்டக் கல்லூரிக்கு அதன் சொந்த நுழைவுப் பரீட்சை. வெளிநாட்டு வீட்டுக்கல்விச் சான்றிதழுக்கு இரண்டிலும் இடமில்லை. வகுப்பு நன்றாக இருந்தால் அறிவுக்காக எடுக்கலாம், சான்றிதழுக்காக எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. இலக்கணம், தருக்கம் இரண்டையும் முடித்த பிறகுதான் சொல்வன்மை என்று மச்சாள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் மூன்று வயதுப் பருவங்களாகப் பிரிக்கும் எண்ணம் 1947இல் டொரத்தி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒக்ஸ்போர்டில் ஆற்றிய உரையிலிருந்து பரவியது. பழைய பள்ளிகளில் அவ்வளவு இறுக்கமான பிரிவு இருக்கவில்லை. மகள் அளவையியலைத் தொடங்கும் இந்த வருடத்திலேயே இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். போலிகள் (பிழையான வாதங்கள்) பற்றிய பாடம் வரும்போது ஒன்றுக்கு மற்றது உதாரணம் தரும்.

ஒரு பாடம் எப்படி இருக்கும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிற குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வழக்குரை காதையிலிருந்து தொடங்குங்கள். கோவலன் கூத்துப் பார்த்த பிள்ளைக்குக் கதை சொல்லத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தின் அந்தப் பகுதி உரையோடு சில பக்கங்கள்தான், மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் மூலம் இலவசமாக இருக்கிறது. இரண்டு வாரம் அதற்குக் கொடுங்கள்.

முதல் நாள் மகள் ஒரு தாளை நடுவே மடித்து, இடது பக்கம் கண்ணகி சொன்னது, வலது பக்கம் பாண்டியன் சொன்னது என்று ஒவ்வொரு கூற்றையும் ஒரு வரியில் எழுதட்டும். எழுதி முடிந்ததும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இரண்டு பேரும் எதில் மாறுபடுகிறார்கள்?

“கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல” என்கிறான் அரசன். பிள்ளைகள் வழக்கமாக, கண்ணகி அதை மறுத்தாள் என்று எழுதுவார்கள். திரும்ப வாசித்தால் அவள் அதை மறுக்கவே இல்லை என்பது தெரியும். களவுக்கு மரணதண்டனை சரியா என்று அவள் வாதாடியிருந்தால் வழக்கு அங்கேயே தோற்றிருக்கும், சட்டம் அரசன் பக்கம். அவள் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, நடந்தது என்ன என்ற ஒரே இடத்தில் காலை ஊன்றுகிறாள்: என் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசன் தங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். இரண்டும் சபையில் சொல்லப்பட்ட பிறகுதான் சிலம்பு உடைகிறது. உடைத்த பிறகு “என்னுடையதில் மாணிக்கம்தான் இருந்தது” என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பத் தேவையில்லை. எது கிடைத்தால் யார் வென்றவர் என்பது சோதனைக்கு முன்பே இரண்டு வாயாலும் சொல்லப்பட்டதால்தான் அரசனுக்கு மறுவார்த்தை இல்லாமல் போனது.

கிரேக்க ஆசிரியர் ஹெர்மகோரஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வகுத்த நாலு கேள்விகளை இந்த இடத்தில் கொடுங்கள். நடந்ததா இல்லையா? நடந்தது என்றால் அதற்குப் பெயர் என்ன? அது நியாயமானதா? இதைத் தீர்க்க வேண்டியவர் யார்? எந்தப் பிணக்கும் இந்த நாலில் ஒன்றில் முட்டி நிற்கும். எல்லை வேலிப் பிணக்கு ஒன்று இணக்க சபைக்கு (ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் சபை) போனதாக வைத்து, அது நாலில் எந்தக் கேள்வியில் நிற்கிறது என்று மகள் ஒரு பக்கம் எழுதட்டும். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கடைசிவரை உதவும். ‘தேரா மன்னா’ (ஆராயாத மன்னனே) என்று தொடங்கிய கண்ணகியின் விளிப்பு இணக்க சபையில் எடுபடுமா என்றும் கேளுங்கள். பேசுகிறவர் மேல் கேட்பவருக்கு வரும் நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, சொல்லும் காரணம் என்று அரிஸ்டோட்டில் சொன்ன மூன்றும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடும்.

முதல் வருடத்துக்கு ஒரு திட்டம்

முப்பது வாரம் போதும். பரீட்சைப் பாடங்களின் நேரத்தை இது தின்னக்கூடாது. கிழமைக்கு மூன்று பின்னேரம், ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஞாயிறு அரை மணித்தியாலம். இரண்டு சி.ஆர். கொப்பி வாங்குங்கள், ஒன்று தேடலுக்கு, மற்றது திருத்தி எழுதியதற்கு.

திங்கள்: தேடல். தலைப்புக்கு ஆதரவாகப் பத்து, எதிராகப் பத்து. கை வலிக்கும் நாளில் போனில் பேசிப் பதிவுசெய்யலாம். பத்து வராவிட்டால் எழுதத் தொடங்க விடாதீர்கள். முதல் நாலும் எல்லாருக்கும் தோன்றுபவை, ஏழாவதுக்குப் பிறகுதான் தன்னுடையது வரும்.

செவ்வாய்: பத்தில் மூன்றைத் தெரிந்து, ஒழுங்குபடுத்தி, ஒரு பக்கம் எழுதுதல். பலமான காரணம் கடைசியில், அடுத்த பலம் முதலில், மெலிந்தது நடுவில். எதிர்ப்பக்கத்தின் ஆகப் பலமான ஒரு காரணத்துக்குப் பதில் இருந்தே ஆகவேண்டும்.

வியாழன்: நீங்கள் திருத்துவீர்கள், அவர் திரும்ப எழுதுவார். ஞாயிறு: மூன்று நிமிடம் பேசுதல். இருந்தே பேசட்டும், எழுந்து நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கையில் ஐந்து சொல் எழுதிய துண்டு மட்டும், முழுப் பேச்சு இருக்கக்கூடாது. மூன்று நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அறிய, ஒரு பக்கத்தை அவர் வழக்கமான வேகத்தில் வாசிக்கவிட்டு நேரம் பார்த்துச் சொற்களை எண்ணுங்கள். அவருடைய அளவு அதுதான்.

முதல் பத்து வாரத்தில், கண்ணகி வழக்குக்குக் கொடுத்த இரண்டு வாரம் போக, பதினான்கில் ஐந்தை மட்டும் எடுத்து நாலு பயிற்சியாக்குங்கள்: கதையைப் பத்து வரியிலும் மூன்று வரியிலும் சொல்லல், ஒரு பழமொழியை விரித்தல், ஊரில் சொல்லப்படும் ஒரு செய்தியை நம்பமுடியாது என்று மறுத்தலும் அதையே நம்பலாம் என்று நிறுவுதலும், ஒரு பாத்திரமாக நின்று பேசுதல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம்.

அடுத்த பத்து வாரம் சபைப் பேச்சு. வன்னியில் இதற்கு ஆகச் சிறந்த பாடசாலை சிறுபோகச் செய்கைக் கூட்டம். குளத்தில் இவ்வளவுதான் தண்ணீர், எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்குப் பங்கு, வாய்க்கால் கடைசியில் இருப்பவருக்கு என்ன என்று உண்மையான காரணங்களோடு உண்மையான மனிதர் பேசுகிறார்கள். கமக்கார அமைப்பில் கணவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தால் வந்ததும் யார் எதைச் சொன்னார், சபை எதற்கு அசைந்தது என்று மகளுக்குச் சொல்லட்டும். பேச்சு வேண்டாம் என்றவரே இந்தப் பாடத்தின் ஆசிரியராகிவிடுவார்.

கடைசிப் பத்து வாரம் பாராட்டும் அஞ்சலியும். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டுகள் (நினைவு மலர்கள்) ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும், நூலகம் இணையத்தளத்திலும் நிறைய உண்டு. நாலைந்தை எடுத்து, பெயரை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்தக்கூடிய வசனங்களை எல்லாம் பென்சிலால் வெட்டச் சொல்லுங்கள். மிஞ்சுவதைப் பார்த்தபின், உயிரோடு இருக்கும் ஒரு முதியவரைப் பற்றி வெட்டமுடியாத வசனங்களால் ஒரு பக்கம் எழுதட்டும். இதோடு உயர்தரக் கட்டுரை வினாக்களையும் பழைய வினாத்தாள்களிலிருந்து மாறிமாறிக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் விலக்கி வையுங்கள். இரண்டு பக்கமும் பேசும் பயிற்சிக்கு, போரில் இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவர் சம்பந்தமான எதையும் எடுக்காதீர்கள். நம் ஊரில் அது எந்த வீட்டுக்கும் தொலைவில் இல்லை. பயிற்சிக்காக மறுபக்கம் பேசச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. அதற்கு அஞ்சலி உரையில் இடம் உண்டு, பிள்ளை தானாக எடுத்தால்.

நீங்கள் திருத்தலாம்

சாதாரண தரம் போதும். உங்களுக்குத் தேவையானது நன்னூலின் பத்துக் குற்றம் எழுதிய ஒரு மட்டை. அதில் முதல் மாதங்களுக்கு நாலு போதும்: கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். ஒரு கிழமைக்கு ஒரு குற்றத்தை மட்டும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போட்டால் பிள்ளை எழுத்தை மறைக்கத் தொடங்கும். பேசும்போது இடைமறிக்கவே கூடாது.

சிறுபோகத் தலைப்புக்குப் பிள்ளைகள் பொதுவாக இப்படித்தான் எழுதுவார்கள்:

“நீரின்றி அமையாது உலகு. நீர் மிக முக்கியமானது. விவசாயிக்கு நீர் இன்றியமையாதது. எனவே அனைவருக்கும் நீரைப் பகிர்ந்தளிக்க வேண்டும்.”

நாலு வசனத்தில் மூன்று ஒரே விடயம், கூறியது கூறல். கூட்டத்துக்கு வந்த ஒருவரும் தண்ணீர் முக்கியமில்லை என்று சொல்லவில்லை, ஆகவே சொல்லியும் பயன் இல்லை. மாறுபாடு எங்கே என்று தேடி எழுதினால் இப்படி வரும்:

“குளத்தில் இருக்கும் தண்ணீர் முழு வயலுக்கும் காணாது. எல்லாருக்கும் பிரித்தால் கதிர் வரும் நேரத்தில் எல்லாருக்கும் முட்டும். மேல்வாய்க்கால் வயலை மட்டும் செய்து, அதில் எல்லாருக்கும் பங்கு கொடுப்போம். கடைசி வயல்காரருக்கு வீட்டிலிருந்து தூரம் என்பது உண்மை. ஆனால் தூரத்து வயலில் விளைந்த நெல்லைக் கொண்டுவரலாம், பக்கத்து வயலில் கருகியதைக் கொண்டுவந்து என்ன செய்வது?”

இரண்டாவதில் மேற்கோளும் இல்லை, அலங்காரச் சொல்லும் இல்லை. எதிர்ப்பக்கக் காரணம் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது, எழுமதத்தின் உடன்படல் அதுதான்.

மச்சாளிடம் கேட்க வேண்டியது

வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் குறைவது புத்தகமல்ல, கேட்க ஆள். நீங்கள் தாய், அவர் சொல்ல நினைப்பது அரைவாசியிலேயே உங்களுக்கு விளங்கிவிடும். விளங்காத ஒருவருக்குச் சொல்லும்போதுதான் காரணம் கூர்மையாகும். காசுக்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் தரச்சொல்லி மச்சாளிடம் கேளுங்கள். இங்கே பின்னேரம் ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. மகள் மூன்று நிமிடம் பேச, மச்சாள் இரண்டே விடயம் சொல்லட்டும்: எந்தக் காரணம் தன்னை அசைத்தது, எந்த இடத்தில் விளங்கவில்லை. புகழ்ச்சி வேண்டாம், தமிழ்ப் பிழை பிடிக்கவும் வேண்டாம். நாலாவது ஞாயிறு அவருடைய மகன்மாருக்கு ஆங்கிலத்தில் பேசட்டும். 1863இல் லிங்கன் கெற்றிஸ்பேர்க்கில் ஆற்றிய உரை ஏறக்குறைய 270 சொற்கள்தான், முதல் ஆங்கிலப் பாடத்துக்கு அது அளவாக இருக்கும்.

மேடைப் பயம் உள்ள பிள்ளைக்குப் போன் நல்ல தொடக்கம். முதல் மாதம் வட்ஸ்அப்பில் குரற்பதிவாக மட்டும், அடுத்த மாதம் நேரடிக் குரல், பிறகு முகம் தெரிய வீடியோ. வீட்டுக்குள் கேட்பவர் தொகையையும் ஒன்று, மூன்று, எட்டு என்று மெல்லக் கூட்டுங்கள். ஒரு படியில் நடுங்கினால் முந்திய படியில் இன்னும் இரண்டு வாரம் நிற்கலாம், அவசரமில்லை.

சட்டமும் பரீட்சையும்

மகளுக்கு 16 முடிந்துவிட்டதால் கட்டாயக் கல்வி விதி அவரைக் கட்டுப்படுத்தாது. மகன் விடயம் வேறு. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். நோயோ வேறு தக்க காரணமோ இல்லாமல் 12 வயதுப் பிள்ளையை மறித்துவைப்பது உங்களைச் சிக்கலில் விடும், அவனுக்கும் நட்டம். அவனைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். பின்னேரத்தில் அக்காவின் பேச்சைக் கேட்கும் ஆளாக இருக்கட்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கினால் யாருக்கும் விளங்கும்.

மகளைப் பாடசாலையிலிருந்து முற்றாக வெட்டிவிடுவதற்கு முன் அதிபரோடும் வலயக் கல்வி அலுவலகத்தோடும் மருத்துவ அறிக்கையை வைத்து ஒருமுறை பேசுங்கள். வரவில் சலுகை கிடைத்தால் பாடசாலைப் பரீட்சார்த்தியாகவே எழுதலாம், தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் வழி திறந்திருக்கும். கிடைக்காவிட்டால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிப்பது உங்கள் பொறுப்பு. பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அளவையியலுக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ்மொழி ஆசிரியர் வழிகாட்டியை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

மணிக்கட்டு வீங்கும் பிள்ளை மூன்று மணித்தியாலம் தொடர்ந்து எழுத முடியுமா என்பதையும் இப்போதே பாருங்கள். உடல்நலக் குறையுள்ள பரீட்சார்த்திகள் மேலதிக நேரம் போன்ற சலுகைக்கு மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். அடுத்த கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதுவித்து வையுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஓடித்திரிந்தால் கடிதம் நேரத்துக்குப் போய்ச்சேராது.

இந்த ஞாயிறே தொடங்கலாம். கொப்பியும் திட்டமும் அதற்குத் தேவையில்லை. “சிலம்பை உடைக்க முன்பே பரல் என்ன என்று கண்ணகி ஏன் சொன்னாள்?” என்ற கேள்விக்கு மகள் ஒரு நிமிடக் குரற்பதிவு செய்து மாமிக்கு அனுப்பட்டும்.